அப்பாவுக்கு வயிற்றில் போடும் அந்த ஊசி

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது. அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். மன்னார்குடி பக்கம் ஒரு கிராமத்தில் அம்மாவும் அவரும் மட்டும் இருக்கிறார்கள். நான் திருப்பூரில் இருக்கிறேன். இடுப்பு வலி என்று பார்க்கப்போன இடத்தில் புராஸ்டேட் புற்றுநோய், எலும்புக்குப் பரவியிருக்கிறது என்றார்கள். 28 நாளுக்கு ஒருமுறை வயிற்றில் கோசெரலின் ஊசி. இரண்டு போட்டாயிற்று. முதல் ஊசி போட்ட வாரம் வலி கூடியது, பிறகு நன்றாகக் குறைந்துவிட்டது. இப்போது ராத்திரியில் திடீரென்று உடம்பு கொதித்து வியர்த்துக் கொட்டுகிறது. அப்பா இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர் என்பதால் அம்மா நெஞ்சுவலியோ என்று பயப்படுகிறார். அப்பா எடுத்ததற்கெல்லாம் கண் கலங்குகிறார். மூன்றாவது ஊசி வரும் வாரம் ஊர்க் கோயில் கும்பாபிஷேகம். பத்து நாள் தள்ளிப் போடலாமா? ஊரிலேயே தெரிந்த நர்சை வைத்துப் போட்டுக்கொள்ளலாமா? எத்தனை காலம் போட வேண்டும்? மருந்துக் கடைக்காரர், இது பெண்களுக்குப் போடுகிற மருந்தாயிற்றே என்கிறார். அப்பாவிடம் நோயைச் சொல்லவில்லை. மூத்திரப்பை வீக்கத்துக்குச் சத்து ஊசி என்று சொல்லியிருக்கிறோம். சொன்னால் உடைந்துவிடுவார் என்கிறான் அண்ணன்.
– பெயர் வேண்டாம், திருப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

நான் மருத்துவர் இல்லை. புற்றுநோய்ப் பிரிவில் 22 வருஷமாகச் செவிலியர். மருந்தை மாற்றுவதும் நிறுத்துவதும் அப்பாவைப் பார்க்கும் மருத்துவரின் முடிவு. ஆனால் இந்த ஊசியை என் கையால் எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கிறேன், போட்ட பிறகு அவர்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்பதையும் கேட்டிருக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

உங்கள் கேள்விகளுக்குப் போவதற்கு முன்னால் ஒன்று. கால் திடீரென்று பலமிழப்பது, மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது, மலம் தன்னையறியாமல் போவது, படுத்தாலும் தாங்காத முதுகுவலி – இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதுகெலும்பில் உள்ள கட்டி தண்டுவடத்தை அழுத்துகிறது என்பதற்கு அது அறிகுறியாக இருக்கலாம். அந்த ராத்திரியே 108ஐ அழைத்துப் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாமதித்தால் போன கால் திரும்ப வராமலே இருந்துவிடலாம்.

சரி, இதை முதலில் உணரப்போவது யார்? திருப்பூரில் இருக்கும் நீங்கள் இல்லை, அம்மாவும் இல்லை. அப்பாதான். சத்து ஊசி போட்டுக்கொள்வதாக நினைக்கிறவர், கால் மரத்தால் வயசாகிவிட்டது என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுவார். உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் எனக்கு முதல் விஷயமாகப் படுகிறது. அதற்கு வருகிறேன்.

முதல் வாரம் வலி ஏன் கூடியது? புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி. அதில் வரும் புற்று பெரும்பாலும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை நம்பி வளர்கிறது. அதை நிறுத்தினால் நோய் அடங்கும் என்று சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941இல் காட்டினார். 1966இல் நோபல் பரிசு பெற்றார். அன்றைக்கு அதற்கு இருந்த வழி, விதைப்பையில் உள்ள விதைகளை அறுவை செய்து எடுப்பது அல்லது பெண் ஹார்மோன் கொடுப்பது. ஊசி வந்தது, இந்த ஹார்மோனைச் சுரக்கச் சொல்லி மூளையிலிருந்து கிளம்பும் கட்டளை எது என்று தெரிந்த பிறகு. ஆண்ட்ரூ ஷாலி பன்றி மூளைகளிலிருந்தும் ரோஜர் கில்லெமின் ஆட்டு மூளைகளிலிருந்தும் தனித்தனியே அதைப் பிரித்தெடுத்தார்கள். 1977இல் அவர்களும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அந்தக் கட்டளையைப் போலவே செயற்கையாகச் செய்து, இன்னும் வலுவாக்கிய மருந்துதான் கோசெரலின்.

கட்டளையையே மருந்தாகக் கொடுத்தால் ஹார்மோன் கூடத்தானே செய்யும் என்று தோன்றும். உங்கள் அப்பாவுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். நடத்துநர் ஒரு விசில் கொடுத்தால் நிறுத்த வேண்டும், இரண்டு கொடுத்தால் எடுக்க வேண்டும். விட்டு விட்டு ஊதுவதால்தான் விசிலுக்குப் பொருள். மூளையும் ஒன்று, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, அதன் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்கு இப்படித்தான் விசில் கொடுக்கிறது. பிட்யூட்டரி அதைக் கேட்டு விதைகளுக்குச் சொல்கிறது, அங்கே டெஸ்டோஸ்டிரோன் சுரக்கிறது. இந்த ஊசி நிறுத்தாமல் ஊதுகிற விசில். முதல் சில நாள் ஓட்டுநர் பதறிப்போய் வண்டியை விரட்டுவார். அப்புறம் அந்தச் சத்தத்தைக் காதில் வாங்குவதையே விட்டுவிடுவார், வண்டி நின்றுவிடும். அப்படித்தான் முதல் ஒன்று, இரண்டு வாரம் ஹார்மோன் ஏறி, வலியும் ஏறுகிறது. மூன்று, நான்கு வாரத்துக்குள் விதைகளை எடுத்துவிட்டால் எவ்வளவு இருக்குமோ அந்த அளவுக்கு இறங்கிவிடுகிறது.

அந்த முதல் ஏற்றத்துக்குக் காப்பாகப் பைகலூட்டமைடு போன்ற ஒரு மாத்திரையைக் கொஞ்ச நாள் தருவது வழக்கம். பழைய சீட்டில் அது இருக்கிறதா, இன்னும் தொடர வேண்டுமா, நிறுத்த வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பல வீடுகளில் இது குழம்பிப்போகிறது: நிறுத்தச் சொன்னதை வருஷக்கணக்கில் விழுங்குகிறார்கள், தொடரச் சொன்னதைப் பட்டை தீர்ந்ததும் விட்டுவிடுகிறார்கள். இன்னொன்று, நாள் தவறாமல் போட்டுவந்தால் இரண்டாவது ஊசியிலிருந்து இந்த ஏற்றம் வராது. ஆகவே இனிமேல் வலி கூடினால் ஊசியின் வேலை என்று விட்டுவிடாமல் உடனே காட்டுங்கள்.

இனி அந்த ஊசியைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உறையைப் பிரித்துச் சிரிஞ்சை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், அதன் உடம்பில் உள்ள சிறிய சன்னல் வழியாக மருந்து தெரியும். திரவம் இல்லை. பாஸ்மதி அரிசி போல ஒல்லியாக, லேசாக மஞ்சள் கலந்த வெள்ளையில் ஒரு சின்னக் குச்சி. அதற்குள் இருப்பது 3.6 மில்லிகிராம் மருந்து. மற்றது, அறுவையில் போடும் தானே கரைகிற தையல் நூல் எதனால் ஆகிறதோ அந்த வகைப் பொருள். தொப்புளுக்குக் கீழே, தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பில் அதை வைத்துவிட்டால், 28 நாளுக்கு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே கரையும். திரும்ப எடுக்க வேண்டியதில்லை. குச்சி போக வேண்டும் என்பதால் ஊசி சாதாரண ஊசியைவிடத் தடிமன். அப்பா முகம் சுளித்திருப்பார். வலி அதிகமாக இருந்தால் முன்கூட்டியே மரத்துப்போகச் செய்யும் களிம்பு போடச் சொல்லிக் கேட்கலாம், அதில் தப்பில்லை.

மருந்துக் கடைக்காரர் சொன்னது சரிதான். மார்பகப் புற்றுநோய், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வு போன்றது வெளியே வளரும் நோய்) உள்ள பெண்களுக்கும் இதையே போடுகிறோம். அங்கே சினைப்பையின் ஹார்மோனைக் குறைக்கிறது, இங்கே விதையின் ஹார்மோனை. மருந்து மாறிப்போகவில்லை.

நாள் விஷயம் முக்கியம். 28 நாள் என்பதை எல்லோரும் ஒரு மாதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 15ஆம் தேதி போட்டோம், அடுத்த மாதம் 15ஆம் தேதி வருகிறோம் என்பார்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு, மூன்று நாள் நழுவிவிடும். தேதியை மறந்துவிட்டுக் கிழமையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை போட்டால், அதற்கு நாலாவது வியாழன். வருஷத்துக்குப் பன்னிரண்டு இல்லை, பதின்மூன்று ஊசி. தினசரி காலண்டரில் அந்தத் தாளை மடித்துவைக்கச் சொல்லுங்கள், அம்மா கிழிக்கும்போது கண்ணில் படும்.

கும்பாபிஷேகத்துக்காகப் பத்து நாள் தள்ள வேண்டாம். ஓரிரு நாள் பிந்தினால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது, ஆனால் பத்து நாள் அதிகம். ஊசியின் ஓயாத விசில் நின்றுபோனால் மூளையின் விசில் திரும்பக் காதில் விழும், வண்டி ஓடத் தொடங்கும், அடக்கிவைத்த ஹார்மோன் தலைதூக்கலாம். மருத்துவரைக் கேட்டு இரண்டு நாள் முன்னதாகவே போட்டுக்கொள்ள முடியுமா என்று பாருங்கள், அடுத்த 28 நாளை அந்த நாளிலிருந்து எண்ணுங்கள். கோயில் காரியம் இருக்கிறது என்று மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். எங்களுக்கும் கோயில் உண்டு. அலைச்சல்தான் சிரமம் என்றால், 12 வாரத்துக்கு ஒருமுறை போடும் 10.8 மில்லிகிராம் ஊசியும் இருக்கிறது, அது அப்பாவுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். 3.6 ஊசி மூன்றைச் சேர்த்துப் போட்டு அதற்கு ஈடு செய்ய முடியாது.

ஊரில் தெரிந்த நர்ஸ் போடலாமா? இந்த ஊசியைப் போட்டுப் பழகியவராக இருந்தால் யோசிக்கலாம். பழகாதவர் என்றால் வேண்டவே வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், இரண்டு பேருந்து மாறி மருந்தை வாங்கிக்கொண்டு போனார்கள். ஊசி போட வந்த பெண், எல்லா ஊசிக்கும் செய்கிற மாதிரி காற்றை வெளியேற்ற உள்தண்டை லேசாக அழுத்தினார். குச்சி தரையில் விழுந்தது. தேடி எடுத்தாலும் அது இனி உதவாது. அந்தப் பெண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்கு யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. இதில் காற்றை வெளியேற்றுவது இல்லை, ரத்தம் வருகிறதா என்று தண்டைப் பின்னால் இழுத்துப் பார்ப்பதும் இல்லை. நோயாளியைச் சாய்ந்தாற்போல் உட்கார வைத்து, தோலைக் கிள்ளிப் பிடித்து, சாய்வாக உள்ளே விட்டு, தண்டு மேற்கொண்டு நகராத வரை முழுக்க அழுத்த வேண்டும். பாதியில் நிறுத்தினால் குச்சி ஊசியிலேயே தங்கிவிடும்.

அதைவிட, ஊரில் போட வேண்டாம் என்பதற்கு அப்பா விஷயத்தில் வேறொரு காரணம் இருக்கிறது. ஸ்டென்ட் வைத்தவர் என்றால் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவராக இருப்பார். அடிவயிற்றின் சுவரில் ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன, தடித்த ஊசி அதில் பட்டால் உள்ளே ரத்தம் கட்டும். அரிதாகத்தான் நடக்கும், ஆனால் இப்படிப்பட்டவர்களுக்கு நடந்தால் லேசில் நிற்காது. ஒவ்வொரு தடவையும் அந்த மாத்திரையைப் பற்றிப் போடுகிறவரிடம் சொல்லுங்கள். போட்ட இடத்தைச் சில நிமிடம் அழுத்திப் பிடித்து, அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புங்கள். பிறகு வயிறு வீங்கினாலோ வலி கூடினாலோ தலை சுற்றினாலோ திரும்ப ஓடி வாருங்கள். இந்த ஊசிக்காக இதய மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. என் எண்ணம், அப்பாவுக்கு மருத்துவமனையில்தான் போட வேண்டும்.

மருந்தை வெளியே வாங்கிக்கொண்டு போவதாக இருந்தால் உறையில் அச்சிட்டிருக்கும் வெப்ப அளவைப் பாருங்கள். 25 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று இருக்கும். மே மாதத்தில் நம் ஊர்ப் பேருந்தில் பையை மடியில் வைத்தாலும் வெப்பம் அந்த அளவைத் தாண்டிவிடும். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பேக்கை ஒரு துண்டில் சுற்றி, மருந்து அதன்மேல் நேராகப் படாமல், உறைந்துபோகாமல் வைத்துக் கொண்டுபோங்கள். உள் உறையைப் போடுகிறவர்தான் பிரிக்க வேண்டும், போடப்போகும் அந்த நிமிடத்தில்.

ராத்திரி வியர்வைக்கு வருகிறேன். பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தில் வருமே, அதேதான். அம்மாவிடம் அப்படிச் சொல்லிப்பாருங்கள், உடனே புரிந்துகொள்வார். நெஞ்சிலிருந்து முகத்துக்கு ஒரு சூடு ஏறும், சட்டை நனையும், சில நிமிடத்தில் குளிரும். பருத்தி வேட்டி, பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர், மாலைக்கு மேல் சூடான காபியையும் அதிகக் காரத்தையும் குறைப்பது – இவ்வளவிலேயே பலருக்குத் தாங்கும்படி ஆகிவிடுகிறது. தூக்கமே போனால் அதற்கு மாத்திரை இருக்கிறது, கேளுங்கள். ஆனால் அம்மாவின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். சூடு ஏறாமல் குளிர்ந்த வியர்வையாக இருந்தால், நெஞ்சு அழுத்தினால், மூச்சு வாங்கினால், கையோ தாடையோ வலித்தால் அது இதயம் என்றே எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறவர் என்றால் வியர்க்கும்போது சர்க்கரையும் பார்க்க வேண்டும். இந்த ஊசி நாளடைவில் சர்க்கரையையும் கொழுப்பையும் ஏற்றலாம், இதய நோய் உள்ளவர்களுக்குக் கவனம் கூடுதலாக வேண்டும். இதய மருத்துவரிடம் அடுத்த முறை போகும்போது ஊசியின் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். மூத்திரப்பைக்கு ஏதோ ஊசி என்று அவரிடமும் சொல்லிவைக்காதீர்கள்.

இந்த ஊசியால் எலும்பு மெலிவதும் உண்டு, அது சத்தமில்லாமல் நடக்கும். தினம் நடை, கேழ்வரகு, பால், மருத்துவர் சொல்லும் கால்சியம், வைட்டமின் டி, எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் ஸ்கேன். எலும்புக்கு என்று தனி ஊசி எழுதினால் அதற்கு முன் பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், ஆடுகிற பல்லைப் பிடுங்க வேண்டியிருந்தால் முன்னாலேயே பிடுங்கிவிட வேண்டும். குளியலறையில் வழுக்காமல் பாருங்கள். டெலிவிஷன் விளம்பரத்தைப் பார்த்து யாராவது ஆண்மைக்கு லேகியம், சூரணம் வாங்கிக்கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். நாம் குறைக்கப் பாடுபடுவதைத்தான் அவை கூட்டுவதாகச் சொல்லி விற்கிறார்கள்.

லேகியத்தை ஏன் சொன்னேன் என்றால், இந்த ஊசி தாம்பத்திய ஆசையையும் திறனையும் எடுத்துவிடும். மார்பு கொஞ்சம் வீங்கி வலிக்கலாம். தசை குறைந்து தொந்தி விழும். மகளாக நீங்கள் இதைப் படிக்கும்போது சங்கடமாக இருக்கும், எனக்குத் தெரியும். 71 வயதில் அதெல்லாம் என்ன என்று வீட்டில் நினைப்பார்கள். நான் ஊசி போட்ட ஒரு பெரியவர், பேத்தியின் காதுகுத்தில் எல்லார் முன்னாலும் தேம்பி அழுதார். அதற்கடுத்த ஊசிக்கு வந்தபோது, மகனை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் கேட்டார்: "சிஸ்டர், எனக்குப் புத்தி பேதலிக்குதா? நான் ஆம்பளையாவே இல்லம்மா." இது மருந்து செய்கிற வேலை ஐயா, கண்ணீர் உட்பட, என்று விளக்கினேன். நெடுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஏழு மாதம் அவர் அதைத் தனியாகச் சுமந்திருக்கிறார். அவருக்கும் வீட்டில் சத்து ஊசி என்றுதான் சொல்லியிருந்தார்கள். மருந்து என்ன செய்யும் என்று தெரியாதவர், தனக்குள் ஏதோ கெட்டுவிட்டது என்றுதான் நினைப்பார். உங்கள் அப்பாவின் கண் கலங்கலிலும் இது இருக்கலாம். நாள்முழுக்க மனம் இறங்கியே இருந்தாலோ, இருந்து என்ன பயன் என்பது போலப் பேசினாலோ மருத்துவரிடம் அதைத் தனியாகவே சொல்லுங்கள்.

அண்ணனின் பயம் அன்பினால் வந்தது. ஆனால் ஒன்றை யோசியுங்கள். வாழ்நாளெல்லாம் ஊர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே வண்டி ஓட்டியவர் உங்கள் அப்பா. இரண்டு தடவை எங்களைப் போன்ற ஒரு பிரிவின் வாசலில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார். அந்த வாசலுக்கு மேலே புற்றுநோய்ப் பிரிவு என்று தமிழில் பெரிதாக எழுதியிருக்கும். அவருக்குத் தெரிந்திருக்கலாம். உங்களுக்காகத் தெரியாததுபோல் இருக்கிறாரோ என்னவோ.

எடுத்தவுடன் கேன்சர் என்று போட்டு உடைக்க வேண்டாம். "இந்த ஊசி எதுக்குன்னு நீங்க நினைக்கிறீங்கப்பா?" என்று கேளுங்கள். அவர் எந்த இடத்தில் நிற்கிறாரோ அங்கிருந்து தொடங்குங்கள். கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள், கேட்காததைத் திணிக்க வேண்டாம். மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் அவரே பேசுவார், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். தாம்பத்தியம் பற்றி நீங்கள் பேச வேண்டியதில்லை, அதை மருத்துவரோ ஆண் செவிலியர் ஒருவரோ அப்பா அம்மா இருவரையும் வைத்துப் பேசட்டும். இடுப்பு வலி குறைந்திருக்கிறதே, அது நல்ல செய்தி. அதையும் சேர்த்துச் சொல்ல முடியும்.

எத்தனை காலம் என்றால், எலும்புக்குப் பரவியவர்களுக்குப் பொதுவாக இது நிற்பதில்லை. பி.எஸ்.ஏ. (இந்த நோயின் போக்கைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) நன்றாக இறங்கியதும், இனி எதற்கு என்று நிறுத்துகிறவர்கள் உண்டு. இறங்கியிருப்பதே ஊசியால்தான். பின்னால் வேறு மாத்திரைகள் சேர்ந்தாலும் ஊசி கூடவே ஓடும். செலவோ அலைச்சலோ தாங்கவில்லை என்றால் விதைகளை எடுக்கும் சின்ன அறுவை ஒரே தடவையில் இதே வேலையைச் செய்யும், ஆனால் திரும்பப் பெற முடியாது. அதை முடிவு செய்ய வேண்டியவரும் அப்பாதான், தெரியாமல் எப்படி முடிவு செய்வார்? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் உங்கள் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் இந்த ஊசிக்கு என்ன கிடைக்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது ஊசி அன்று உறையைப் பிரித்ததும் ஒரு நிமிடம் சிரிஞ்சை அப்பாவிடம் காட்டச் சொல்லுங்கள். நான் எல்லோருக்கும் காட்டுவேன். அந்தச் சன்னலை அவரே எட்டிப் பார்க்கட்டும், கேட்க வேண்டியதைக் கேட்கட்டும். அப்புறம் கும்பாபிஷேகத்துக்கு அழைத்துப் போங்கள். வெயிலில் நிற்க வைக்காமல், நிழலில் ஒரு நாற்காலி போட்டு.